நூலக மேதை அரங்கநாதனார்

ஒரு பொருளை உடையவராய் இருப்பது வேறு. வேண்டும்பொழுது அது கைக்கு எட்டுமாறு வைத்திருப்பது வேறு. களஞ்சியம் நிறைந்திருப்பினும், விதைநெல் எந்தக் குதிரில் உள்ளது என்பதை அறியாத உழவன் பருவத்தைத் தவறவிடுவான். மருந்துகள் பல இருந்தும், வேண்டிய மருந்து உரிய வேளையில் அகப்படாத வீட்டில் நோயாளி துன்புறுவான். அறிவும் இத்தகையதே. நூல்கள் ஆயிரமாயிரமாகக் குவிந்திருப்பதனால் மட்டும் ஒரு நாடு அறிவுடைய நாடாகிவிடாது. தேடுவோர் கையில் உரிய நூல் உரிய நேரத்தில் சேர வேண்டும். இவ்வுண்மையை உணர்ந்து, நூல்களை வரிசைப்படுத்தி வைக்கும் தொழிலை ஓர் அறிவியலாகவே வளர்த்த பெரியார் ஒருவர் நம் தமிழகத்தில் தோன்றினார். அவரே சீர்காழி இராமாமிருத அரங்கநாதனார்.

சோழவள நாட்டில் திருஞானசம்பந்தர் பிறந்தருளிய ஊர் சீர்காழி. அவ்வூரில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அரங்கநாதனார் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். அரங்கநாதனாருக்கு ஆறு வயது நிகழும்பொழுதே தந்தையார் இயற்கை எய்தினார். இளமையில் அவருக்குத் திக்குவாயும் இருந்தது. எனினும், அவர் கல்வியில் சிறிதும் தளரவில்லை. சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்துக்கொண்டு, கல்லூரிக் கல்விக்காகச் சென்னை சேர்ந்தார்.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப்பாதை, விழுப்புரம், செங்கற்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், தாம்பரம் ஆகிய ஊர்களைக் கடந்து எழும்பூரை அடைகிறது. தஞ்சைத் தரணியில் பிறந்த இளைஞர் பலர் அக்காலத்தில் கல்வியை நாடிச் சென்னைக்கு வந்த வழி இதுவே. அரங்கநாதனார் சேர்ந்து பயின்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி அந்நாளில் நகரின் நடுவே இருந்தது. அது தாம்பரத்திற்கு இடம் மாறியது 1937ஆம் ஆண்டில்தான். அங்கே எட்வர்டு ராஸ் என்னும் கணிதப் பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். ஆசிரியரின் அன்பும், கணக்கின் ஒழுங்கும் மாணவர் உள்ளத்தை ஒருங்கே கவர்ந்தன. 1916ஆம் ஆண்டில் அரங்கநாதனார் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1917ஆம் ஆண்டு தொடங்கி மங்களூரிலும், கோயமுத்தூரிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். திக்குவாயை விடாமுயற்சியால் வென்ற அவர், மாணவர் விரும்பும் ஆசிரியராக விளங்கினார்.

அந்நாளில் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கிடைத்த ஊதியம் மிகக் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தி விண்ணப்பங்களை வரவேற்றபொழுது, நண்பர்கள் வற்புறுத்தவே அரங்கநாதனாரும் விண்ணப்பம் அனுப்பினார். விண்ணப்பம் செய்தோர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இலர். அரங்கநாதனாரும் அத்துறையை அறியாதவரே. நேர்முகத் தேர்வுக்குச் சில நாள் முன்னர்க் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவருடைய தகுதி. ஆயினும், அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அப்பதவியை ஏற்றார்.

பதவியை ஏற்ற சில நாள்களிலேயே அவர் உள்ளம் சோர்ந்தது. வகுப்பறையில் மாணவர் புடைசூழ இருந்து பழகிய அவருக்கு, ஆளரவமற்ற நூலகம் சிறைக்கூடமாகத் தோன்றியது. நூல்கள் இருந்தன, அவற்றைப் படிப்போர் வரவில்லை. ஒரு வாரம் கழிவதற்குள், மீண்டும் கணித ஆசிரியர் பணிக்கே அனுப்புமாறு மேலோரிடம் வேண்டினார். அவர்கள் அவருக்கு ஒரு வழி கூறினர். இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று வரவேண்டும். அதன் பின்னும் மனம் பொருந்தாவிடின் பழைய பணிக்குத் திரும்பலாம் என்பதே அவ்வழி. அரங்கநாதனார் அதற்கு இசைந்தார்.

1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் இலண்டன் சேர்ந்து, பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பயிலலானார். பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞர் அவருக்கு வழிகாட்டினார். கற்றதோடு நில்லாமல், அந்நாட்டு நூலகங்கள் பலவற்றை நேரிற் சென்று கண்டார். அங்கே அவர் கண்ட காட்சி அவரை வியப்பில் ஆழ்த்தியது. சிறுவரும், தொழிலாளரும், பெண்டிரும் நூலகத்திற்கு வந்து அலமாரிகளினிடையே உலவித் தாமே நூல்களை எடுத்துப் பயன்படுத்தினர். ஊரில் சிறைக்கூடமாகத் தோன்றிய இடம், இங்கே அனைவருக்கும் பொதுவான பள்ளிக்கூடமாக இருந்தது. தம் நாட்டிலும் இதனை உண்டாக்க வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அன்று முதல் கணித வகுப்பிற்குத் திரும்பும் எண்ணம் மறைந்தது.

ஆனால், அந்நாட்டு நூலகங்களில் நூல்களை வைத்திருந்த முறை அவருக்கு முழு நிறைவு தரவில்லை. அக்கால வகைப்பாட்டு முறைகள், உலகில் உள்ள பொருள்களையெல்லாம் முன்னதாகவே பட்டியலிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஓர் எண்ணைக் குறித்து வைத்தன. நாளை தோன்றும் புதிய பொருளுக்கு அப்பட்டியலில் இடம் இராது. இதற்கு என்ன செய்வது என்று அரங்கநாதனார் சிந்தித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் இலண்டன் மாநகரின் பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகளும், கம்பிகளும், சக்கரங்களும், திருகாணிகளும் அதில் இருந்தன. அவற்றையே ஒரு விதமாக இணைத்தால் வண்டி ஆகும். வேறு விதமாக இணைத்தால் பாலம் ஆகும். இதனைக் கண்ட அளவில் அவருக்கு விடை புலப்பட்டது. பொருள்களைப் பட்டியலிட வேண்டா; பொருள்களை ஆக்கும் உறுப்புகளைப் பட்டியலிட்டால் போதும்; வேண்டியபொழுது அவ்வுறுப்புகளை இணைத்துக்கொள்ளலாம். இணைப்பதற்கு முக்காற்புள்ளியை அவர் அடையாளமாகக் கொண்டார். இங்ஙனம் பிறந்ததே கோலன் வகைப்பாடு. தாயகம் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த சிறு நூலகத்தின் நூல்களைத் தம் முறைப்படி வரிசைப்படுத்திப் பார்த்தார் என்பர். 1933ஆம் ஆண்டில் இம்முறை நூல் வடிவில் வெளிவந்தது.

இம்முறையின் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 1950ஆம் ஆண்டளவில் இந்தியாவில் நெற்பயிரைத் தாக்கிய நோயைத் தடுத்தது பற்றிய நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நெல், நோய், தடுத்தல், இந்தியா, 1950 என்பன அதன் உறுப்புகள். இவற்றுக்குரிய குறிகளை முறையே இணைத்தால், அந்நூல் அலமாரியில் அமரவேண்டிய இடம் தானே விளங்கிவிடும். நெல்லைப் பற்றிய நூல்களெல்லாம் ஓரிடத்தில் கூடும். அவற்றுள்ளும் நோயைப் பற்றியவை அருகருகே நிற்கும்.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. அறிவு பல திசைகளில் கிளைத்துப் படர்வது. அலமாரித் தட்டோ இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் செல்லும் ஒரு நேர்கோடு. அதில் எந்த நூலுக்கும் பக்கத்து நூல்கள் இரண்டே. நெல்லைப் பற்றிய நூல் வேளாண்மை நூல்களோடும் இருக்கலாம். உணவு நூல்களோடும் இருக்கலாம். வாணிக நூல்களோடும் இருக்கலாம். ஒரே நூலை மூன்று இடங்களில் வைத்தல் இயலாது. கணித ஆசிரியராகிய அரங்கநாதனார் இதனை ஒரு கணக்காகவே கண்டார். பல பரிமாணங்களை உடைய அறிவை ஒரு கோட்டில் இறக்கி வைக்கும்பொழுது, எல்லா உறவுகளையும் காப்பாற்ற முடியாது. ஆகவே, படிப்போருக்கு மிகுதியாகப் பயன்படும் உறவு எதுவோ அதனை முதலில் காக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இவ்வரிசையின் இயல்பை விளக்க, அவர் கிரகண காலத்து நிழலை உவமையாகக் கொண்டார். கிரகணத்தின்போது நடுவே முழுநிழலும், அதன் இருமருங்கும் அரைநிழலும், அவற்றுக்கு அப்பால் ஒளியும் அமைகின்றன. அவ்வாறே, ஒருவர் தேடிவந்த பொருளைப் பற்றிய நூல்கள் நடுவே நிற்க வேண்டும். அதனோடு தொடர்புடையவை இருபுறமும் நிற்க வேண்டும். தொடர்பற்றவை தொலைவில் நிற்க வேண்டும். ஒரு நூலைத் தேடி வந்தவர், அதன் அருகே தாம் அறியாத வேறொரு நல்ல நூலையும் கண்டெடுத்துச் செல்வார். அருகில் வைத்தல் என்னும் ஒரு செயலால் இரு பயன்கள் விளைகின்றன.

1928ஆம் ஆண்டில் அவர் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வகுத்தார். அவை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. நூல்கள் பூட்டி வைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கே உரியவை என்பது முதல் விதி. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூலகம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாவது.

இவற்றுள் நான்காவது விதியைப் பலர் சிறிய விதியாக எண்ணக்கூடும். அதன் பெருமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் அறியலாம். நூலகத்திற்கு நாள்தோறும் 150 பேர் வருவதாகவும், ஒவ்வொருவரும் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு 20 நிமிடம் காத்திருப்பதாகவும் கொள்வோம். ஒரு நாளில் வீணாகும் நேரம் 3000 நிமிடம். அதாவது 50 மணி. இது ஒருவர் ஒரு வாரம் உழைக்கும் நேரத்திற்கும் மேற்பட்டது. செல்வர் நூலை விலைக்கு வாங்கிக்கொள்வர். மாலையில் வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டுமே படிக்க இயன்ற ஏழை மாணவனுக்கோ அந்த 20 நிமிடமே பெருஞ்செல்வம். அதனைக் காப்பதே நூலகரின் அறம் என்று அரங்கநாதனார் கருதினார்.

ஆகையால், சிறு செய்திகளிலும் அவர் கருத்தைச் செலுத்தினார். வாசகர் அலமாரிகளுக்குத் தாமே சென்று நூலை எடுக்கும் உரிமை வேண்டும் என்றார். வெறுங்காலுடன் தரையில் நிற்கும் நடுத்தர உயரமுடையவரின் கைக்கு மேல்தட்டு எட்ட வேண்டும் என்றார். பலரும் விரும்பும் நூல்களையும், புதியனவாக வந்த நூல்களையும் வாயிலுக்கு அருகில் வைக்க வேண்டும் என்றார். தாமே வகுத்த வரிசை இதனால் ஓரிடத்தில் முறிவதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வரிசை வாசகருக்காக ஏற்பட்டதே அன்றி, வாசகர் வரிசைக்காக ஏற்பட்டவர் அல்லர் என்பது அவர் கொள்கை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் 20 ஆண்டுகள் பணியாற்றினார். விடுமுறை என்பதையே அவர் அறியார். 1928ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். அடுத்த ஆண்டில் நூலகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. 1936ஆம் ஆண்டில் பல்கலைக்கழக நூலகம் கடற்கரையை அடுத்துத் தனக்கென எழுப்பிய கட்டடத்தில் குடிபுகுந்தது. நகருக்கு வர இயலாத சிற்றூர் மக்களையும் நூல்கள் நாடிச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் நாட்டில் பரவியது. 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியிலே நூலகம் அமைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். தொலைவிலுள்ள பெரிய நிலையத்தின் நூல்களுள், மக்களுக்கு உடனே வேண்டிய சிலவற்றை அவர்கள் வீட்டு வாயிலுக்கே கொணர்ந்த அரிய முயற்சி அது.

1945ஆம் ஆண்டில் டாக்டர் இராதாகிருஷ்ணன் அழைப்பை ஏற்று, அரங்கநாதனார் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார் என்றால், அவர் உழைப்பின் அளவை என்னென்பது! பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தார். அவர் நெடுங்காலம் பாடுபட்டதன் பயனாக, 1948ஆம் ஆண்டில் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே. சொத்து வரியோடு நூலகத்திற்கென ஒரு சிறு தொகையையும் பெற்று, அதனால் நூலகங்களை நடத்த இச்சட்டம் வழிசெய்தது. இன்று தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பொது நூலகங்கள் இயங்குவதற்கு இதுவே அடிப்படை.

1957ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1962ஆம் ஆண்டில் அவர் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965ஆம் ஆண்டில் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக உயர்த்தப்பட்டார். எளிய வாழ்வு வாழ்ந்து சேர்த்த பொருளில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரையும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அவர் மண்ணுலக வாழ்வை நீத்தார்.

அரங்கநாதனார் நூல்களுக்காகக் கண்ட உண்மை நூல்களோடு நின்றுவிடவில்லை. அவர் வாழ்நாளின் பிற்பகுதியில், கணினி அமைக்கும் பொறியாளர்களும் தம் வழியே சென்று இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். அவர்கள் அரங்கநாதனாரிடமிருந்து இதனைக் கற்றார்கள் என்பதற்கில்லை. ஒரே வகையான இடர் ஒரே வகையான விடைக்கு அவர்களையும் இட்டுச் சென்றது. கணினியில் கணக்கிடும் உறுப்பு செயலி எனப்படும். செய்திகளை வைத்திருக்கும் இடம் நினைவகம் எனப்படும். செயலி மிக விரைவுடையது. பெரிய நினைவகமோ அதனை நோக்க மிக மெதுவானது. எனவே, செயலியின் அருகிலேயே சிறிய விரைவு நினைவகம் ஒன்றை வைக்கலாம் என்னும் கருத்தைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965ஆம் ஆண்டில் எழுதினார். 1968ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த பெருங்கணினி ஒன்றில் இஃது இடம்பெற்றது. இதற்குக் கேஷ் என்று பெயர். ஊர் மக்களுக்கு மாட்டுவண்டி நூலகம் எவ்வாறோ, செயலிக்குக் கேஷ் அவ்வாறாகும்.

கேஷில் இருக்கும் செய்தி உடனே கிடைக்கும். பெரிய நினைவகத்திலிருந்து வரவேண்டிய செய்திக்கு ஏறத்தாழ நூறு மடங்கு நேரம் காத்திருக்க நேரும். செயலி அங்கிருந்து ஒரு செய்தியைக் கேட்டால், அதனோடு அடுத்திருப்பவையும் ஒரே கட்டாக வந்து சேரும். இன்றைய கணினிகள் பலவற்றில் இக்கட்டின் அளவு 64 பைட். நினைவகமும் அலமாரித் தட்டைப் போலவே ஒரு நேர்கோடு. ஆகையால், சேர்ந்து பயன்படும் செய்திகளை அருகருகே வைத்தால் ஒரு கட்டிலேயே எல்லாம் வந்துவிடும். சிதறி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காத்திருக்க வேண்டும்.

கணினியின் வேலைகளையெல்லாம் மேற்பார்க்கும் மூல நிரல் கெர்னல் எனப்படும். நொடிதோறும் எண்ணற்ற முறை இயங்குவதனால், அதில் வீணாகும் சிறுபொழுதும் பெருகிப் பெரிதாகிவிடும். எனவே, அதனை எழுதுவோர் தம் குறிப்பேடுகளின் உறுப்புகளை மிகுந்த கருத்துடன் வரிசைப்படுத்துகின்றனர். அடிக்கடி வேண்டியவற்றை ஒன்றாக முன்னே வைக்கின்றனர். அரிதாக வேண்டியவற்றைப் பின்னே ஒதுக்குகின்றனர். மற்றொரு நுட்பமும் உண்டு. தொடர்பற்ற இரு நூல்களை ஒரே அட்டையில் கட்டிவிட்டால், ஒருவர் ஒன்றைப் படித்து முடிக்கும் வரையில், மற்றதை விரும்புபவர் வீணே காத்திருப்பார். அவ்வாறே, இரு செயலிகள் தனித்தனியே மாற்றி எழுதும் செய்திகள் ஒரே கட்டில் அமைந்துவிட்டால், அவை ஒன்றையொன்று தடுக்கும். அவற்றைப் பிரித்து வைப்பதே முறை. அருகில் வைக்க வேண்டியவை எவை, பிரித்து வைக்க வேண்டியவை எவை என்று அறிவதே இக்கலையின் சாரம்.

இதன் பயனுக்கு ஒரு சான்று கூறலாம். லினக்ஸ் என்னும் கெர்னலில், 2024ஆம் ஆண்டில் வெளிவந்த 6.8 என்னும் பதிப்பில், வலைத்தொடர்புக்குரிய சில குறிப்பேடுகளின் உறுப்புகளை இடம் மாற்றி அமைத்தனர். புதிய கருவி எதனையும் சேர்க்கவில்லை. எனினும், ஒரே நேரத்தில் பல தொடர்புகளை நடத்திய சோதனைகள் சிலவற்றில் வேகம் 40 விழுக்காடு வரை உயர்ந்தது. அரங்கநாதனாரைப் போன்ற இளைஞர்கள் அன்று கடந்து வந்த அதே இருப்புப்பாதையின் அருகில், சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே, இன்று கணினி நிறுவனங்களின் மாளிகைகள் எழுந்துள்ளன. அத்தகைய இடங்களில் பணிபுரியும் இளைஞர்க்கும், வைக்கும் இடத்தை எண்ணி வைத்தல் அன்றாடத் தேவையாகும்.

எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று எண்ணுவது அற்பமான வேலை என்று அரங்கநாதனார் கருதவில்லை. வைப்பவர் ஒருமுறை சிந்தித்தால், எடுப்பவர் ஆயிரம்முறை காத்திராமல் தப்புவர் என்பதை அவர் கண்டார். பொருளைப் பற்றி மட்டும் எண்ணாமல், அதனைத் தேடி வருபவரைப் பற்றியும் எண்ணினார். பிறர் நேரத்தை மதிப்பது பிறர் வாழ்நாளை மதிப்பதாகும். விருப்பமின்றி ஏற்ற பணியை உலகம் போற்றும் அறிவியலாக உயர்த்திய அப்பெரியாரின் நினைவாக, ஆகஸ்டு 12ஆம் நாள் நம் நாட்டில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாணவர்களாகிய நாமும் நூலகத்தை நாள்தோறும் பயன்படுத்துவோம். எடுத்த நூலை உரிய இடத்தில் சேர்ப்போம். நமக்குப் பின் வருவோர் காத்திராவண்ணம் எச்செயலையும் ஒழுங்குபடச் செய்வோம். அரங்கநாதனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கம் இதுவே.